உப்பேறிய விறகும் இஸ்மாலெவ்வை காக்காவும்

செய்தி வந்தபோது நான் கதிரவெளியில் மரமுந்திரிக் கோதுகளை நிறுத்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஏறாவூர் அரிசி ஆலையில் வேலை செய்யும் சேவியர் அண்ணன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தங்கச்சி, நம்மட பொயிலர்க் காக்கா சுபஹுக்குப் புறகு மௌத்தாகிட்டார். நெஞ்சு நோகுது எண்டு சொன்னவராம். லுஹருக்கு அடக்கம்." சேவியர் அண்ணன் தன்னாமுனையைச் சேர்ந்த கத்தோலிக்கர். காக்கா என்றால் முஸ்லிம்களிடத்தில் அண்ணன். இருபது வருடம் நெல் அவிக்கும் கொதிகலனான பொயிலரில் காக்காவுக்குப் பக்கத்தில் நின்று உமி சுமந்ததில் சுபஹு, லுஹர் என்று தொழுகை நேரங்களே அவருக்கும் கடிகாரமாகியிருந்தன.

நிறுத்துக்கொண்டிருந்த மூட்டையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பஸ் சுணங்கியது. ஏறாவூரில் இறங்கியபோது ஆண்கள் அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். காக்காவின் வீட்டு ஒழுங்கை முழுக்க பிளாஸ்ரிக் கதிரைகள். வீட்டுக்குள் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேரைக் கடந்து உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. மதிலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். காக்காவிடம் நான் நடந்துகொண்ட விதமும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. வர வேண்டிய இடத்துக்குப் பிந்தித்தான் வந்திருக்கிறேன்.

இஸ்மாலெவ்வை காக்காவை அந்த ஆலையில் நெல் அவிக்கக் கொடுத்த எல்லோருக்கும் தெரியும். மடித்துக் கட்டிய சாரம், தோளில் ஈரத் துவாய், முன்கையில் மயிர் பொசுங்கிப் போன மினுக்கம். புகைபோக்கியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே நெருப்பு எப்படி இருக்கிறதென்று சொல்லிவிடுவார். அவரைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒரு கோடைகாலமும் அதையடுத்த சில மாதங்களும், பின்னால் வந்த தொலைபேசி அழைப்புகளும்தான். அதை மட்டும் எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, பழத்தோட்டக் கழிவை எரிபொருளாக்குவது பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை. அறுவடை முடிந்ததும் மாமரங்களைக் கவ்வாத்துப் பண்ணுவார்கள். வெட்டிய கொப்புகளைத் தோட்டத்திலேயே குவித்துக் கொளுத்திவிடுவார்கள். ஊர் முழுக்கப் புகை மட்டும் மிஞ்சும். இன்னொரு பக்கம், ஆலையின் உமியைச் செங்கல் சூளைக்காரர்களும் கோழிப் பண்ணைக்காரர்களும் வாங்கிக்கொண்டு போக, நெல் அவிக்க உமி போதாமல் இருந்தது. அந்தக் கொப்புகளைப் பொயிலரில் எரித்தால் என்ன என்பதே திட்டம். ஆலை முதலாளியான ஹாஜியார் சம்மதித்து, பொயிலரின் ஒரு வாயை விறகு போடத் தக்கதாக மாற்றிக் கொடுத்தார். காக்காவிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

முதல் நாள் வெப்பமானியும் குறிப்பெழுதும் கொப்பியுமாகப் பொயிலர் வாசலில் போய் நின்றேன். காக்கா என்னைப் பார்க்காமல் சேவியர் அண்ணனிடம் பேசினார்.

"மாங்கொப்புல நெல்லவிக்கயாம். சோறு மாம்பழம் மணக்குமா எண்டு மிஸ்ஸிட்டக் கேளுங்க."

நான் ஏதோ பதில் சொன்னேன். பொயிலர் இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.

"என்னவாம்?"

"மணக்காதாம் காக்கா."

"அவ சொன்னது ஒங்களுக்குக் கேட்டா?"

"இல்ல. தலைய ஆட்டினவ."

அன்று முழுக்க இருவரும் என்னிடம் தலையாட்டியே பேசினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையில் அது வசதியாக இருந்தது.

முதல் லொறி தன்னாமுனைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. வெயிலில் கிடந்து நன்றாகக் காய்ந்த கொப்புகள். கைநீளத் துண்டுகளாக வெட்டிப் போட்டோம். நெருப்பு சீராகப் பிடித்தது, நீராவி குறையவில்லை. நான் துணிந்து அவரிடம் போய், ஒரு கிலோ மாங்கொப்பில் எவ்வளவு சக்தி இருக்கிறதென்று ஆய்வுகூடக் கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நெருப்புக்குப் பட்டமெல்லாம் விளங்காது மகள். காஞ்சதா, ஈரமா, அவ்வளவுதான் அது கேக்கும்" என்றார். அன்றிலிருந்து 'மிஸ்' போய் 'மகள்' ஆனேன்.

ஒவ்வொரு மணித்தியாலமும் சூடு, நீராவி அழுத்தம், சாம்பல் வாங்கிய நேரம் எல்லாவற்றையும் கொப்பியில் பதிவது என் வேலை. சாம்பல் கதவைத் திறந்து இழுத்து முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பி, "எழுதுங்க, வாங்கியாச்சி" என்பார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. தொழுகைக்குப் போகும்போது சேவியர் அண்ணனை நிறுத்திவிட்டுப் போவார். வந்ததும் முதல் வேலையாகச் சாம்பல் கதவைத் திறந்து பார்ப்பார்.

இரண்டாவது லொறிக்கான கொப்புகள் என் ஊரான மண்டூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அது டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். லொறிக்காரர் வாவியைச் சுற்றி வர மாட்டேன், குருமண்வெளித் துறைக்கு மட்டும்தான் வருவேன் என்றார். தோட்டத்திலிருந்து கொப்புகளைத் தோணியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். கடலோடு கலக்கும் அந்த வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். தோணிக்காரர் எனக்கு மாமா முறை. கொப்புக் கட்டைத் தூக்கியவர் கீழே போட்டுவிட்டுக் கையில் ஏறிய சிவப்பெறும்புகளை உதறினார்.

"புள்ள, இது முழுக்க முசுறு. இத ஏத்தினா நான் தோணிய விட்டுட்டு ஆத்துல குதிக்க வேண்டியதுதான். கட்டித் தண்ணியில போடட்டா? முசுறும் சாகும், வண்டும் விழாது."

எங்கள் பக்கத்தில் கம்பும் தடியும் ஓலையும் ஆற்றில் ஊறப்போடுவது வழக்கம். வேலிக் கம்பு, கூரைத் தடி எல்லாம் அப்படித்தான். ஊறிக் காய்ந்த மிச்சத்தைத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரித்தோம். எனக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். கட்டுகளைத் தோணிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து துறையில் விட்டார். லொறி வர நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் அவை தண்ணீரில் கிடந்தன. கடும் கோடை. ஆறு வற்றி உவர்த்துப் போயிருந்த மாதம்.

ஆலை முற்றத்தில் அந்தக் கொப்புகளை இரண்டு கிழமை காயவிட்டோம். ஈரமானியில் பார்த்தேன், முதல் லொறியைவிடக் காய்ந்திருந்தது. திருப்தியோடு எழுதிக்கொண்டேன்.

எரிக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் நெருப்பு சோரத் தொடங்கியது. காக்கா சாம்பல் கதவைத் திறந்தால் தூள் விழவில்லை. கொப்பு எரியும் இரும்புச் சட்டத்தின் இடைவெளிகளில் சாம்பல் உருகி, கறுப்புக் கண்ணாடி மாதிரிக் கட்டியாகி அடைத்திருந்தது. காற்று மேலே போக வழியில்லை. அவர் நீள இரும்பு அலவாங்கை எடுத்து இடித்தார். ஒரு கட்டியை உடைக்க இன்னொன்று உறைந்தது. நீராவி இறங்கிக்கொண்டே வந்தது. அந்த நேரம் மூன்று தொட்டியிலும் நெல் ஊறிக் கிடந்தது. ஊறிய நெல்லை நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்துப் போகும். புளித்தது. உழவர்களுக்கு ஹாஜியார்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம் நடந்தது. பொயிலர் விற்ற நிறுவனத்தின் பொறியியலாளர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கட்டிகளைப் பார்த்தார். சாம்பலை நேரத்துக்கு வாங்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும், இது இயக்கியவரின் கவனக்குறைவு என்றார். எங்கள் திட்டத் தலைவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. கொப்பில் குறையில்லை என்பது அவருக்கும் நல்லதுதானே. காக்கா கதவோரம் நின்றார். "நான் வாங்கின" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் ஒரு மூலைக் கதிரையில், மடியில் கொப்பியோடு இருந்தேன். அவர் சாம்பல் வாங்கிய ஒவ்வொரு நேரமும் அதில் என் கையெழுத்தில் இருந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஹாஜியார் கெட்ட மனிதரில்லை. "கொஞ்ச நாள் வீட்ட இரிங்க காக்கா. பொறகு பாப்பம்" என்றார். காக்கா துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் என்னைக் கண்டதும் நின்றார். ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். "மூணாம் தொட்டித் தண்ணிய மாத்தச் சொல்லுங்க, மணக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பொயிலருக்கு வேறொருவர் வந்தார். பழையபடி உமி எரித்தார்கள். நான் தினமும் ஆலைக்குப் போனேன், மிச்சக் கொப்புகளை நிறுத்தேன், கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சேவியர் அண்ணன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மத்தியானம், எரிக்காமல் கிடந்த மண்டூர்க் கொப்புகளில் ஒன்றின் வெட்டுவாயில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டேன். முதலில் பூஞ்சணம் என்று நினைத்தேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாம்பலோடு உப்புச் சேர்ந்தால் அது சீக்கிரம் உருகும் என்று இரண்டாம் வருடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். வீட்டு அடுப்பில் அவ்வளவு சூடு வருவதில்லை, அதனால் எங்கள் வீட்டில் ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை. பொயிலரில் அந்தச் சூடு வரும். படித்தது ஒரு பக்கம், ஆற்றில் ஊறப்போட்டது இன்னொரு பக்கம். இரண்டையும் நான் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் ஒரு கொப்புத் துண்டோடு காக்காவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து தூண்டிலுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார். துண்டை நீட்டினேன். பார்த்தார், மணந்தார், நாக்கில் வைத்தார்.

"அப்ப நாம இவ்வளவு நாளும் கருவாடா எரிச்ச?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் மனைவி ஹதீஜா ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஆர் ஆத்துல போடச் சொன்ன?"

"நான்தான் காக்கா."

"ஆருக்குத் தெரியும்?"

"தோணிக்கார மாமாவுக்கும் எனக்கும்."

கொப்பியில் எல்லாம் இருப்பதையும், கூட்டத்தில் நான் வாய் திறக்காததையும் சொன்னேன். "தெரியும்" என்றார். "நீங்க எழுதின நான்தானே பாத்த." பிறகு நரம்பைச் சுற்றி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "இத நீங்க சொன்னா ஒங்கட வேலைக்கு என்ன ஆகும்?"

"தெரியா."

"எனக்கு உழைக்கிற மகன் ரெண்டு பேர் இரிக்கி. ஒங்கட வீட்ட நீங்க ஒராள்தானே. யோசிச்சுச் செய்யுங்க. சொல்லாட்டியும் நான் ஒங்களோட கோவிக்க மாட்டன்."

இதை அவர் பெருந்தன்மையாகக் காட்டிக்கொண்டு சொல்லவில்லை. ஒரு மூட்டையை இருவரில் யார் தூக்குவது என்று பார்க்கிற மாதிரிச் சொன்னார். பொயிலர்க்காரர் என்ற பெயரைத் தவிர அவருக்கு வேறு பெயர் இருக்கவில்லை. முப்பது வருடத்தில் நெல்லைக் கெடுத்தவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. அதை அவர் எனக்காக விட்டுவிடத் தயாராக இருந்தார்.

அடுத்த நாள் காலை ஹாஜியாரின் அறைக்குப் போனேன். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மகள்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டது. கொப்பியை விரித்து வைத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இத அண்டைக்கே காட்டியிருக்கலாமே" என்றார்.  ஒரே மரத்துக் கொப்பில் ஆற்றில் ஊறியதையும் ஊறாததையும் தனித்தனியாக எரித்துக் காட்டினோம். ஊறியது கட்டியானது, மற்றது தூளாக விழுந்தது. பொறியியலாளர் தொலைபேசியில், "அப்படியும் இருக்கலாம்" என்றார்.

காக்கா மறுநாள் வந்தார். யாரும் மாலை போடவில்லை. அவரும் யாரையும் குத்திப் பேசவில்லை. உள்ளே வந்ததும், "ஆர் இந்த உமிய மூடாம விட்ட? பனி பட்டிரிக்கி" என்று சத்தம் போட்டார். சேவியர் அண்ணன் சிரித்துக்கொண்டே படங்கை இழுத்து மூடினார்.

அதன் பிறகு ஆலையில் ஒரு புது நடைமுறை வந்தது. எந்தத் தோட்டத்திலிருந்து கொப்பு வந்தாலும், லொறியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் காக்கா நாலைந்து துண்டை உருவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். நோன்பு மாதம் வந்தபோது அந்த வேலை சேவியர் அண்ணனின் தலையில் விழுந்தது.

"எனக்கும் தவக்காலம்தான் காக்கா."

"ஒங்கட நோன்புல மீன் தின்னலாம்தானே. உப்புக் கொப்புக்கு என்ன குற?"

"மீனையும் கொப்பையும் ஒண்டாக்கிட்டீங்களே."

"நான் ஆக்கல்ல. மண்டூர்ல ஆக்கி அனுப்பினவங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். முதல் தடவையாக அவர்கள் முன்னால் சத்தமாகச் சிரித்தேன். காக்கா புகைபோக்கியைப் பார்த்தபடி, "பொயிலருக்கும் கேட்டிரிக்கும்" என்றார்.

என் வேலை நான் பயந்தபடியே போனது. எனக்கு ஒரு கண்டனக் கடிதம் தந்தார்கள். அடுத்த கட்டத்துக்கு வேறொருவரை எடுத்தார்கள். காக்கா எப்படியோ கேள்விப்பட்டு என்னை அழைத்தார்.

"நான் ஒங்களச் சொல்லச் சொல்லல்ல, என்ன?"

"இல்ல காக்கா, நீங்க சொல்லல்ல."

"அப்ப மனசில ஒண்டுமில்லயே?"

"இல்ல."

"சரி" என்று வைத்துவிட்டார். அரை நிமிடம்கூடப் பேசவில்லை. அந்த இரண்டு கேள்விகளைக் கேட்க அவர் எத்தனை நாள் யோசித்திருப்பார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துக் கதிரவெளியில் இப்போதைய வேலை கிடைத்தது. மரமுந்திரிக் கோதை எரித்துப் பருப்பு உலர்த்துகிறோம். காக்காவிடம் சொன்னபோது, "அதில எண்ணெய் வடியும், கையத் திங்கும், கையுறை போடுங்க" என்றார். மாதம் ஒரு தடவையாவது அழைப்பு எடுத்து, கோது எப்படி எரிகிறதென்று விசாரிப்பார். என்னைப் பற்றி விசாரிப்பதை அவர் அப்படித்தான் செய்தார்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு மறுபடி ஏறாவூருக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே போனேன். ஹதீஜா ராத்தா, கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில், உள்ளறையில் வெள்ளை உடுத்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார். அங்கே வருகிற எல்லோரிடமும் இறந்தவருக்காகக் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"அவர் ஒங்களுக்கு ஏதும் பிழ விட்டிருந்தா பொருந்திக்கங்க மகள்."

அவரை நான் மன்னிக்க வேண்டுமாம். என்னால் அதற்கு ஓம் சொல்ல முடியவில்லை. "ராத்தா, அதை நான்தான் அவரிட்டக் கேட்டிருக்கோணும். கேக்கவே இல்ல. ஒம்பது நாள் அவர் வேலை இல்லாம வீட்ட இருந்தது என்னாலதான்" என்றேன்.

 அவர் முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"அந்த ஒம்பது நாளுமா? மகள், எனக்கு அவரக் கலியாணம் முடிச்சு முப்பத்திரெண்டு வருசம். வெள்ளிக்கிழமையும் பெருநாளும் போக, பகல்ல அந்த மனுசன் வீட்ட இரிந்து நான் கண்டது அந்த ஒம்பது நாளும்தான். காலயில ஆத்துக்குப் போய் ரெண்டு மீனோட வருவார். நான் ஆக்குவன். ரெண்டு பேரும் இருந்து சாப்பிடுவம். மனசு சரியில்லதான் அவருக்கு. ஆனா இருந்தார்."

வெளியே யாரோ வந்து சலாம் சொன்னார்கள். ராத்தா என் கையை விடவில்லை. மீன் என்ன மீன் என்று கேட்டேன். செத்தல், மணலை, ஒரு நாள் பெரிய கொடுவா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த நாள் எதை எப்படி ஆக்கினார் என்பது வரை அவருக்கு நினைவிருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

காக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒன்பது நாட்களைத்தான். நான் வாய் திறக்காததால் அவருக்குப் போன நாட்கள் அவை. அதை மறக்கப் போவதில்லை. அவர் வீட்டில் மத்தியானச் சோறு இரண்டு பேருக்குப் பரிமாறப்பட்ட நாட்களும் அவைதான் என்பதை இப்போது அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.